பட்டியலில் பதினேழாவது

கலாமாவுக்கு ஏறும் சாலையில்
முந்நூற்றுப் பத்து டன் மின்மாற்றி
நூற்றறுபது சக்கரங்களில் நடக்கிறது.
ஆமாம், நடக்கிறது. ஓடுகிறது என்றால்
ஓட்டுகிற எவரிஸ்தோவே சிரிப்பான்.
பின்னாலிருந்து முட்டித் தள்ள இன்னொரு லாரி.
டிரெய்லரின் விலாவை ஒட்டி நடந்தபடியே
பின்சக்கரங்களைத் திருப்ப ஒருத்தி.
எல்லாருக்கும் முன்னால் நான்:
மஞ்சள் விளக்கு சுழலும் சின்ன வண்டி,
அதன் மூக்கில் ஒரு நெட்டைக் குச்சி,
சுமையைவிட ஒரு சாண் கூட.
கம்பியோ பலகையோ தாழ்ந்து கிடந்தால்
குச்சிதான் முதலில் உரசும்.
முதலில் இடிபடத்தான் எனக்குச் சம்பளம்.

வழியை மூன்று வாரம் முன்பே அளந்தாயிற்று.
இடைஞ்சல்கள் நான்கு தாள்.
வேக வரம்புப் பலகை: கழற்றலாம்.
தடுப்பு வேலி, பன்னிரண்டு மீட்டர்: கழற்றலாம்.
பதினேழாவது:
‘தகரக் கூரையுடன் சிறு வீடு, முழங்கால் உயரம்,
வளைவின் உள்விளிம்பு. நகர்த்தலாம்.’
எழுதியவர் தலைநகரிலிருந்து வந்த பொறியாளர்.
வேலைக்குப் புதிது.

இந்தப் பாலையில் முழங்கால் உயர வீடு என்றால்
சாலையில் செத்தவன்
செத்த இடத்திலேயே குடியிருக்கும் வீடு.
அனிமித்தா என்போம்.
உடம்பு ஊர்க் கல்லறையில்,
ஆள் இங்கே.

விளாதிமிர் கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகினான்.
நான் தொடமாட்டேன், வேறு யாரையாவது பார்.
வேறு யாரும் இல்லை.
சுவரில் அறைந்திருந்த நம்பர் பிளேட்டை வைத்து
லாரிச் சங்கத்தில் விசாரித்து
மனைவியின் போன் எண்ணைப் பிடித்தேன்.
மிரேயா தாப்பியா.
“அம்மா, மன்னிக்க வேண்டும், முந்நூற்றுப் பத்து டன்...”
“எத்தனை மணிக்கு?” என்றாள்.

அதிகாலை மூன்றரை.
குளிரில் பல்லோடு பல் பேசியது.
வாடகைக் காரில் வந்தாள், கம்பளி போர்த்தி.
இரண்டு பக்கமும் சாலையை அடைத்திருந்தேன்:
ஷிப்டுக்குப் போகும் சுரங்கத் தொழிலாளர் பஸ்,
தக்காளி லாரி, அதற்குப் பின்னால் விளக்குகள், விளக்குகள்.

தண்ணீர் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்தாள்.
காகிதப் பூக்கள். பொம்மை லாரி.
வெயிலைக் குடித்து இரவில் எரியும் விளக்கு,
அணைக்கத் தெரியாமல்
எரிய எரியவே காரின் டிக்கியில் வைத்தாள்.
ஐந்து மணியோடு என் அனுமதி முடிகிறது.
வாக்கி டாக்கியில் எவரிஸ்தோ:
“என்ன தாமதம்?”
“ஒருத்தர் வீட்டைக் காலி செய்கிறார்.”
அதன் பிறகு வெறும் இரைச்சல்.

வீட்டைத் தூக்கிப் போய்
ஒரு கல்லில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள்.
பத்து மீட்டர் இருக்கும்.
விதி முப்பது மீட்டர்.
ஆளை நிறுத்துவதும் விலக்குவதுமே தொழிலான நான்
வாயைத் திறக்கவில்லை.

முதலில் உள்ளங்காலுக்குத் தெரிந்தது.
பிறகு மடியிலிருந்த தகரம் கிடுகிடுத்தது.
இரும்பு மலை
வளைவில் வயிற்றை வெளியே தள்ளித் திரும்பி
வீடு இருந்த தரைமேல்
சக்கரம் சக்கரமாக, சக்கரம் சக்கரமாக.

வரிசையில் ஒருவன் பொறுமையிழந்து ஹார்ன் அடித்தான்,
நீளமாக.
லாரிக்காரர்கள் அந்த வளைவைக் கடக்கும்போது
லீனோவுக்கு ஒரு தரம் ஹார்ன் அடிப்பது வழக்கம்.
மிரேயா இருட்டைப் பார்த்துக்
கையை உயர்த்தி
நன்றி சொன்னாள்.
நான் திருத்தவில்லை.

சக்கரங்கள் மண்ணைச் சிமெண்டுபோல் இறுக்கியிருந்தன.
வீட்டை வைத்தாள், ஆட்டிப் பார்த்தாள்.
மறுபடி தூக்கி
இரண்டு முழம் உள்ளே தள்ளி வைத்தாள்.
“அடுத்த மாதம் வருவது
இன்னும் அகலமாமே?”

தெரியாது என்றேன்.
பலகையைத் திருப்பினேன். பஸ் நகர்ந்தது.
பதினெட்டாவது ஒரு தொலைபேசிக் கம்பி,
தூக்கிப் பிடிக்க ஆள் தேவை.